வட்டத்துக்குள் ‘சு’ போட்ட சுப்புராயன்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் இட ஒதுக்கீட்டுப் போராட்டக் குழுவின் தலைவர் ராமசாமி அவர்களே! மாலையை மடியில் வைத்துக்கொண்டு மேடையில் அமர்ந்திருக்கும் பிரமுகர்களே! கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் கடைவீதி வியாபாரிகளே! கருணாபுரத்திலிருந்து வந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே, தாய்மார்களே! வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கி வந்திருக்கும் மலைச் சொந்தங்களே! முன்வரிசையில் அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் அண்ணி கொளஞ்சியம்மாள் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த பிரஸ்காரன் பச்சமுத்துவின் வணக்கம்.

மேடை ஏறும்போது தலைவர் என் காதோரம் ஒரு வார்த்தை சொன்னார். “பிரஸ்காரரே, துக்கக் கூட்டம். நாலு நல்ல வார்த்தை சொல்லி சுருக்கமா முடிச்சிடுங்க” என்றார். நல்ல வார்த்தை நிறைய இருக்கிறது தலைவரே, சொல்லத்தான் போகிறேன். சுருக்கமாக மட்டும் முடியாது. அந்த மனுஷன் போன நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. வயிறு எரிகிறவனிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு அளந்து பேசு என்றால் எப்படிப் பேசுவான்?

எனக்குப் பின்னால் தொங்குகிற பேனரைப் பாருங்கள். நல்லா பாருங்கள். “காவல்துறையின் தடியடியில் உயிர்நீத்த மாவீரன் ஓவியர் சுப்புராயனுக்கு வீரவணக்கம்.” கீழே பெரிதாக வட்டத்துக்குள் ஒரு ‘சு’. இதே வாசகத்தை நோட்டீசாக அடிக்க என் பிரஸ்ஸுக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். நான் அடிக்க மாட்டேன் என்றேன். ஏன் என்றார்கள். பொய்யை அச்சுக்கோர்த்தால் என் பிரஸ்ஸில் மை ஒட்டாது என்றேன். உடனே ஆத்தூருக்குப் போய் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அங்கே மை நன்றாக ஒட்டியிருக்கிறது.

சுப்புராயன் யார்? வெளியூர்க்காரர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கள்ளக்குறிச்சி கடைவீதியில் நின்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலையைத் திருப்புங்கள். துணிக்கடை, நகை அடகுக்கடை, உரக்கடை, சலூன், சைக்கிள் கடை. எந்த போர்டில் உங்கள் கண் நின்றாலும் அது சுப்புராயன் எழுதினது. அடக்கமான மனுஷனா? அய்யோ, அந்தப் பேச்சே கிடையாது! இந்த ஊரில் அவரை மாதிரி தற்பெருமைக்காரனை நான் பார்த்ததில்லை. போர்டு எழுதி முடித்தால் மூலையில் கையெழுத்துப் போடாமல் ஏணியை விட்டு இறங்கமாட்டார். கையெழுத்து என்றால் வட்டத்துக்குள் ஒரு ‘சு’. சகரத்தை எழுதுவார், கீழே இறங்குகிற சுழியை நிறுத்தாமல் இழுப்பார், பிரஷ்ஷை எடுக்காமல் அப்படியே எழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முட்ட வைப்பார். ஒரே இழுப்பு. அந்த சுழியே வட்டம், அந்த வட்டமே சுழி. நான் கூட அதை ஒரு பிளாக் செய்து அவருக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னா பச்சமுத்து, என் எழுத்துக்கு மூச்சு நின்னுபோச்சே” என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு ஜவுளிக்கடை முதலாளி சண்டைக்கே வந்துவிட்டார். புரோப்ரைட்டர் பேரைவிட ஓவியர் ‘சு’ பெரிதாக இருக்கிறதாம். “ஏம்பா சுப்புராயா, கடை எனுதா உனுதா?” என்று கேட்டார். நம்ம ஆள் பீடியை அணைக்காமலே சொன்னார். “கடை உனுது. எழுத்து எனுது. புடிக்கலன்னா கடையை மூடிக்கோ.” பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுவரில் ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதச் சொன்னார்கள். அதற்கும் கீழே வட்டத்துக்குள் ‘சு’! சிரியுங்கள், சிரியுங்கள். அவர் இருந்திருந்தால் உங்களைவிட சத்தமாகச் சிரித்திருப்பார். தன் வீட்டு அரிசி டிரம்மில்கூட அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அண்ணியைக் கேளுங்கள்.

நான் எழுத்தோடு பிழைக்கிறவன். ஒரு விஷயம் சொல்கிறேன், கேளுங்கள். புத்தகத்தைப் பிரித்தால் உள்பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். இது என் உடைமை, அனுமதி இல்லாமல் தொடாதே என்று அதற்கு அர்த்தம். தலைவலி மாத்திரை அட்டையில் பேருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இன்னொரு எழுத்து இருக்கும். இந்தப் பேரை வேறு எவனும் வைக்கக் கூடாது என்று அர்த்தம். காட்டிலாகாக்காரன் மரத்தில் பட்டையைச் செதுக்கி, வட்டம் போட்டு, உள்ளே ஒரு எழுத்தை எழுதிவிட்டால் அந்த மரத்தை நீங்கள் தொட முடியாது. மலைச் சொந்தங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, வட்டத்துக்குள் எழுத்தைப் போட்டவன் எல்லாம் என்ன சொன்னான்? எனது, தொடாதே, தள்ளிப் போ என்று சொன்னான். போகவிடு என்று சொல்வதற்காக வட்டத்துக்குள் எழுத்துப் போட்ட ஒரு மனுஷனை நான் பார்த்தேன். அவரைத்தான் நாம் அடக்கம் பண்ணிவிட்டு வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

போன வருஷம், எண்பத்தேழில், நாம் மறியலில் உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நியாயமான போராட்டம். இன்றைக்கும் சொல்கிறேன், நியாயமான போராட்டம்! கரும்பு வெட்டுகிறவன் பிள்ளை கடைசி வரைக்கும் கரும்புதான் வெட்ட வேண்டுமா? படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு உத்தியோகக் கதவு ஏன் திறக்கவில்லை? அதைக் கேட்டுத்தானே ரோட்டில் உட்கார்ந்தோம்? புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டோம். சுப்புராயன் சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு கச்சிராயபாளையம் ரோட்டுக்கு வந்தார். தார் ரோட்டிலேயே கோஷம் எழுதினார். கோஷத்துக்குக் கீழேயும் கையெழுத்துப் போட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு மதியம் மலையிலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் வெள்ளிமலை அம்மாசி. அதோ, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். பின்சீட்டில் பாப்பாத்தி என்கிற பெண், பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். நம்ம ஆட்கள் ஜீப்பை மறித்தார்கள். ஒருத்தன் சொன்னான், “மலைக்காரன் வண்டிக்கு எதுக்குடா வழி? அவனுக்குத்தான் ஏற்கனவே சலுகை இருக்குதே!” என்று. சுப்புராயன் பிரஷ்ஷோடு எழுந்து வந்தார். “டேய், சலுகை இருக்குது, ஆஸ்பத்திரி இருக்குதாடா அவனுக்கு? இருந்தா இந்தப் பொண்ணு எதுக்குடா மலையில இருந்து ஜீப்புல குலுங்கிக்கினு வருது? நீ உனக்கு கேக்க வந்தியா, அடுத்தவன் வாயில மண்ணு போட வந்தியா?” என்று கேட்டார். மறித்தவர்கள் விலகி நின்றார்கள்.

ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். பாப்பாத்தியின் மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசினார். பிறகு முன்கண்ணாடியில் ஒரே இழுப்பு. வட்டத்துக்குள் ‘சு’. “போ அம்மாசி. அடுத்த மரத்துக்கிட்ட மறிச்சா இதைக் காட்டு. சுப்புராயன் உள்ள பார்த்துட்டான்னு சொல்லு” என்றார். ஜீப் போனது. அடுத்த மரத்தடியிலும் விட்டார்கள், அதற்கடுத்த இடத்திலும் விட்டார்கள். கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பிறந்த பெண் குழந்தை இன்றைக்குத் தவழ்ந்துகொண்டிருக்கிறது.

அன்று தொடங்கி, மறியல் முடிகிற வரைக்கும் அவர் அந்தப் புளியமரத்தடியை விட்டு நகரவில்லை. பால் வண்டி வந்தால் எட்டிப் பார்த்தார். பிணம் வந்தால் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். பார்க்காமல் ஒரு வண்டிக்கும் எழுத்துப் போடவில்லை. ஒரு பெரிய பண்ணைக்காரர், நம்ம ஆள்தான், காரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்து வந்தார். நெஞ்சுவலியாம். சுப்புராயன் போர்வையை விலக்கினார். உள்ளே சலவைச் சட்டை, வாசனை ஆளைத் தூக்குகிறது. “இன்னா மாமா, நெஞ்சுவலிக்கு சென்ட் அடிச்சுக்கினு போறியா? எறங்கு, வந்து கோஷம் போடு” என்று மரத்தடியில் உட்கார வைத்துவிட்டார். பண்ணையாரும் உட்கார்ந்து, தொண்டை வறள கோஷம் போட்டுவிட்டுத்தான் போனார்.

இப்போது நடந்த தப்பைச் சொல்கிறேன். சுப்புராயன் தவிர வேறு எவனும் செய்ய முடியாத தப்பு. போலீஸ் வந்தது. எழுத்துப் போட்ட வண்டியெல்லாம் மறியல்காரர் வண்டி என்று பிடித்தார்கள். அம்மாசி ஜீப்பைப் பிடித்தார்கள், அம்மாசியையும் பிடித்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லவில்லை. எழுதினவன் யார் என்று அவர்கள் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. ஏன் தெரியுமா? ஸ்டேஷன் வாசலில் தொங்குகிற போர்டே சுப்புராயன் எழுதினது. மூலையில் அதே ‘சு’! சர்க்காரை எதிர்த்து வேலை செய்கிறவன் கையெழுத்துப் போட்டுவிட்டா செய்வான்? இவர் செய்தார். வேறு அடையாளம் போட அவர் கைக்கு மனசு வரவில்லை.

அவரைத் தேடிப் போலீஸ் வீட்டுக்குப் போகவில்லை. போவதற்குள் அவரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அம்மாசி உள்ளே அடி வாங்குகிறான் என்று கேள்விப்பட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணி வாசலில் மறித்தார். “பிரசவத்துக்கு வண்டி ஓட்டினவன் அடி வாங்கறான் கொளஞ்சி. எழுதின நான் வூட்டுல உக்காந்து சோறு துன்னலாமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஸ்டேஷனில் நின்று, “அது என் எழுத்து. அவன் வெறும் டிரைவர், அவனை விடுங்க” என்றார். எவன் கேட்டான் நீயா எழுதினே என்று? அப்படியும் விட்டாரா? “வேணும்னா பேப்பர் குடுங்க, எழுதிக் காட்டறேன். இந்த சுழி இந்த மாவட்டத்துலயே வேற எவனுக்கும் வராது” என்றார். எழுதிக் காட்டச் சொன்னார்கள். எழுதிக் காட்டினார். அந்தக் கையை மேசைமேல் வைக்கச் சொல்லி அடித்தார்கள். வலது கை. விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

இது அடக்குமுறை இல்லை என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. அந்தக் கை உடைந்ததற்கு ஒரு நாள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் தலைவர் அவர்களே, அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்த எழுத்துக்கும் போராட்டக் குழுவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அது ஒரு தனிநபரின் செயல் என்று அறிக்கை விட்டீர்களா இல்லையா? பேப்பரில் வந்ததா இல்லையா? கை உடைந்து கிடந்தவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தீர்களா? அம்மாசி வந்தார். வாங்கின அடியோடு நொண்டிக்கொண்டே வந்தார். பாப்பாத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உங்களில் யார் வந்தீர்கள்?

யாரப்பா அங்கே கூச்சல்? உட்காருங்கள் தம்பி. எனக்குக் குரல் இன்னும் இருக்கிறது, நீங்கள் கத்தி என் குரலை அமுக்க முடியாது. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை இது.

அதற்கப்புறம் என்ன நடந்தது? சனங்கள் அந்த எழுத்தைக் கொண்டாட ஆரம்பித்தார்கள். ஊர் ஊராக அது பேச்சாகிவிட்டது. வட்டத்துக்குள் ‘சு’ இருந்தால் நம்ம வண்டி என்றார்கள். சம்பந்தமில்லை என்று அறிக்கை விட்டவர்கள் மெல்லத் திரும்பி வந்து, அதையே குழுவின் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். போன மாசம் ஒரு பேச்சாளர் ‘சு’ என்றால் சுயமரியாதை என்று மேடையில் விளக்கம் சொன்னார். அடப்பாவி, ‘சு’ என்றால் சுப்புராயன்!

அவர் கைதான் போய்விட்டதே, யார் எழுதுவது? தகரத்தில் வெட்டிக்கொண்டார்கள். தகரத்தை வண்டியில் வைத்து பெயிண்டைத் தடவினால் எழுத்து விழுந்துவிடும். அதற்கு சுப்புராயன் வேண்டியதில்லை. தகரம் குழு ஆபீசில் இருந்தது. யார் வண்டிக்குப் போடலாம் என்று ஆபீசில் முடிவு பண்ணினார்கள். கேள்விப்பட்டதும் சுப்புராயன் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன், அதனால் என் காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன். “தலைவரே, இது வேணாங்க. தகரத்துக்குக் கண்ணு கிடையாதுங்க. அது வண்டிக்குள்ள எட்டிப் பார்க்காதுங்க” என்றார். தலைவர் என்ன சொன்னார்? “நீ படம் வரையற ஆளு சுப்புராயா. கட்டுப்பாடுன்னா இன்னான்னு உனக்குத் தெரியாது.” சொன்னீர்களா இல்லையா தலைவரே? தலையைக் குனியாதீர்கள், மாலை நசுங்குகிறது.

அவர் சும்மா இருக்கிற ஆளா? இடது கையால் எழுதப் பழகினார். ஆரம்பத்தில் கோணல்மாணலாக வந்தது. அண்ணி ஏணிக்குக் கீழே நின்று வர்ணம் கலக்கிக் கொடுப்பார். “வலது கையில எழுதினா கர்வம் ஜாஸ்தியா வருது பச்சமுத்து, அதனாலதான் சாமி மாத்திக் குடுத்துருக்குது” என்று என்னிடம் சொன்னார். இடது கையிலும் கர்வத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

இந்த மாசம் மறுபடியும் மறியல். இந்த முறை கட்டுப்பாடு பலமாக இருக்க வேண்டும் என்று குழு தீர்மானம் போட்டது. தகரத்தில் போட்ட எழுத்து இருந்தால் விடு, இல்லாவிட்டால் எவனையும் விடாதே. அவ்வளவுதான் தீர்மானம். எட்டிப் பார் என்று ஒரு வரி அதில் உண்டா? கிடையாது.

மறியல் அன்றைக்குக் காலையில் சுப்புராயன் கச்சிராயபாளையத்தில் ஒரு ரைஸ்மில் முகப்பில் பேர் எழுதிக்கொண்டிருந்தார். முந்தின நாள் விட்டுப்போன மிச்ச வேலை. சாரத்தில் நின்று எழுதுகிறவன் ஒரு கையால் கயிற்றைப் பிடிக்க வேண்டும். எழுதுவது இடது கை. பிடிக்க வேண்டிய வலது கைக்குத்தான் விரல் மடங்காதே! கால் வழுக்கியது, கயிறு கைக்கு நிற்கவில்லை, தலைகுப்புற விழுந்தார். காதில் ரத்தம். மில்காரர் வேனை எடுத்தார். அண்ணி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேன் கிளம்பியது.

புளியமரத்தடியில் மறித்தார்கள். அதே ரோடு, குறுக்கே மறுபடியும் வெட்டிப் போட்ட மரம். போலீஸ் இல்லை அங்கே. நம்ம ஆட்கள்தான் இருந்தார்கள்.

“எழுத்து எங்கே?” என்று கேட்டார்கள்.

அண்ணி கத்தினார். “எழுத்தைப் போட்டவரே உள்ள இருக்காருடா! சுப்புராயன்டா! சாவக் கெடக்குறாருடா!” என்றார். நம்ம ஆள் வேன் கண்ணாடியைப் பார்த்தான். பம்பரைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். உள்ளே பார்க்கவில்லை. “எல்லா வண்டியும் இதைத்தாம்மா சொல்லுது. ஆபீசுக்குப் போயி எழுத்துப் போட்டுக்கினு வாங்க” என்றான். ஆபீசு எங்கே இருக்கிறது? மரத்துக்கு அந்தப் பக்கம், இதே கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. மரத்தைத் தாண்டாமல் ஆபீசுக்கு எப்படிப் போவது? அதை எவனாவது யோசித்தானா? மில்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணி இறங்கி வந்து காலில் விழுந்தார். கொளஞ்சியம்மாள் காலில் விழுந்தார் ஐயா, நம்ம ஆட்கள் காலில்!

அப்போது பின்னால் ஒரு கார் வந்தது. கண்ணாடியில் தகர எழுத்து பளபளவென்று இருந்தது. பின்சீட்டில் தாம்பாளத்தில் பட்டுப் புடவை, பழம், வெற்றிலை. நிச்சயதார்த்தத்துக்குச் சீர் போகிறது. இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் வீட்டுக் கார். யார் என்று நான் சொல்லவில்லை, மாலையைத் தூக்கி முகத்தை மறைக்கிறவரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தின் நுனியை நாலு பேர் தூக்கினார்கள். கார் போனது. அதன் பின்னாலேயே வேனை விட மில்காரர் பார்த்தார். மரத்தை மறுபடி போட்டுவிட்டார்கள்.

அந்த மரத்தடியில்தான் சுப்புராயன் உயிர் போனது. போலீஸ் தடியில் போகவில்லை. அந்தக் கை உடையாமல் இருந்தால் விழுந்திருக்கமாட்டார், ஒப்புக்கொள்கிறேன். கையை உடைத்தது அவர்கள். உயிரைப் பிடித்து நிறுத்திவைத்துச் சாகடித்தது நாம்! இந்த பேனரில் அதை எழுதுவீர்களா? எழுதமாட்டீர்கள். பழியை எல்லாம் போலீஸ் தலையில் வைத்துவிட்டு, செத்தவனுக்கு மாவீரன் பட்டம் கட்டி, அவன் கையெழுத்தை உங்கள் கார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போகப் பார்க்கிறீர்கள். சுப்புராயன் உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பார் தெரியுமா? “கார் உனுது, எழுத்து எனுது, வழிச்சுப் போடுடா” என்று சொல்லியிருப்பார்.

மரத்தடியில் அன்றைக்கு எழுத்துக் கேட்டவனும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான். எனக்குத் தெரியும். அவன் பேரை நான் சொல்லப் போவதில்லை. அவன் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டேன். தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். கோபம் இருக்கிறது. ஆனால் உன்னை அங்கே நிறுத்தி, உள்ளே பார்க்காதே என்று சொல்லிக்கொடுத்தவர்கள் மேல் இருக்கிற கோபத்தில் அது கால்வாசிகூட இல்லை. நீ போய் அண்ணியைப் பார். அடித்தாலும் வாங்கிக்கொள்.

நேற்று நான் அண்ணி வீட்டுக்குப் போனேன். கூட்டத்தில் என்ன பேசட்டும் என்று கேட்டேன். “வீரன் சூரன்னு எதுவும் வேணாம் தம்பி. அந்த ஆளு வீரனும் இல்ல, வாய்க்கொழுப்பு புடிச்ச மனுஷன். அவரு எழுத்தை அவங்ககிட்ட இருந்து வாங்கிக் குடுத்துடு. என்னை நிறுத்தினது அந்த எழுத்துதான். அதை எந்த வண்டியிலயும் நான் பார்க்கக் கூடாது” என்றார். ஒரு பொண்டாட்டி தன் புருஷன் கையெழுத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு கடைவீதியில் நடக்கிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டோமே, இதைவிடக் கேடு உண்டா?

ஆகவே, தலைவர் ராமசாமி அவர்களே! உங்களிடம் நான் மணிமண்டபம் கேட்கவில்லை. தெருவுக்கு அவர் பேர் வையுங்கள் என்று கேட்கவில்லை. அந்தத் தகரத்தைக் கேட்கிறேன். ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. செயலாளர் இங்கேதான் இருக்கிறார், சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது. ஆளை அனுப்பி எடுத்து வரச் சொல்லுங்கள். இந்த மேடையில், இத்தனை பேர் முன்னால், அண்ணி கையில் கொடுங்கள். அவர் அதை நசுக்குவாரோ, அடுப்பில் போடுவாரோ, அது அவர் பாடு. தகரம் வருகிற வரைக்கும் நான் மைக்கை விடமாட்டேன்.

என்ன, செயலாளர் எழுந்திருக்கிறாரா? போகிறாரா? போங்கள் ஐயா, போங்கள். கும்பிடுகிறேன். கூட்டத்தார் வழிவிடுங்கள் அவருக்கு.

அவர் வருவதற்குள் என் உறுதிமொழியைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாசம் மறுபடி மறியல் என்று அறிவித்திருக்கிறீர்கள். நான் வருவேன். கட்டாயம் வருவேன்! நம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு ரோட்டில் உட்காருவேன். போலீஸ் அடித்தால் வாங்கிக்கொள்வேன், சிறைக்கு அனுப்பினால் போவேன். ஆனால் கச்சிராயபாளையம் ரோட்டில் அந்த மரத்தடி என்னுடையது. நானும் அம்மாசியும் அங்கே நிற்போம். எந்த வண்டியிலும் எந்த எழுத்தும் போடமாட்டோம், எந்த எழுத்தையும் கேட்கமாட்டோம். கதவைத் திறந்து உள்ளே பார்ப்போம். காய்ச்சல்காரன் இருந்தால் போகட்டும், சூலி இருந்தால் போகட்டும். நம்ம ஊர் ஆளா, மலை ஆளா, காலனி ஆளா, போராட்டத்துக்கு எதிர்த்துப் பேசின ஆளா, எவனாக இருந்தாலும் போகட்டும். சீர்த்தட்டு இருந்தால் எறங்கி வந்து கோஷம் போட வேண்டும். தலைவர் வீட்டுச் சீராக இருந்தாலும் சரி! இது கட்டுப்பாடு இல்லை என்று குழு சொன்னால், குழுவிலிருந்து என் பேரை இப்போதே அடித்துவிடுங்கள். என்னோடு மரத்தடிக்கு யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். இவ்வளவுதானா? பின்னால் இருக்கிறவர்கள்? தாய்மார்கள்? நல்லா தூக்குங்கள், அண்ணி திரும்பிப் பார்க்கிறார். போதும், போதும். கண்ணு நிறைஞ்சு போச்சு எனக்கு.

இது போன்ற கூட்டத்தில் கடைசியாக எல்லோரையும் எழுந்து நின்று மௌனமாக இருக்கச் சொல்வது வழக்கம். நானும் அதைச் சொல்லத்தான் இருந்தேன்...

என்ன அது, ஹாரன்? நெடுநேரமாக அடித்துக்கொண்டே இருக்கிறதே. யார், எந்தப் பக்கம்? ஓ... நாம் நாற்காலியை ரோட்டின் குறுக்கே போட்டு உட்கார்ந்திருக்கிறோம். அங்கே ஏதோ வண்டி நிற்கிறது. என்ன வண்டி? தெரியவில்லையா? யாரப்பா அது, டிரைவரிடம் போய் என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டு நிற்கிறது? விசாரணை அப்புறம்!

எழுந்திருங்கள். எல்லோரும் எழுந்திருங்கள். மௌனம் வேண்டாம், நாற்காலியைத் தூக்குங்கள். அந்தப் பந்தல் காலையும் பிடுங்குங்கள், பேனர் விழுந்தால் விழட்டும். தலைவரே, நீங்களும் இறங்கி ஒரு கை கொடுங்கள். அம்மாசி, முன்னால் ஓடு, உள்ளே யார் என்று பார்.

வழி விடுங்கள் ஐயா, வண்டி போகட்டும்.